கவிழ்த்து வைத்த விளக்கு

மருத்துவமனை விரிப்பு ஒன்றை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆள் மடித்தால் ஏதாவது ஒரு மூலை கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும். அதனால் நானும் ஓரம் அக்காவும் பல வருடங்களாக ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிறோம். கல்யாணமான ஜோடிகள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் இத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்.

சூடான உருளையிலிருந்து விரிப்பு இறங்கியதும் அக்கா "ஓரம்" என்பார். நான் என் பக்க ஓரத்தைச் சரிசெய்து நீட்டுவேன். அடுத்த விரிப்பு. "ஓரம்." சில நாட்கள் மதியம்வரை அவர் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தை அதுதான். அதனால் ஓரம் அக்கா ஆனார். சம்பளம் போடுகிற சூப்பர்வைசருக்கே அவருடைய உண்மைப் பெயர் சட்டென்று வாயில் வராது.

எங்கள் சலவைக்கூடம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, நாற்காலியும் கிடையாது. நாற்காலி போட்டால் வேலை ஓடாது என்பது சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்பை அவர் தன் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் கண்டுபிடித்தார். அக்காவின் கால்களில் நரம்பு புடைத்துப் பச்சைக் கயிறு சுற்றின மாதிரி ஆகிவிட்டது. இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலமானால் ஒரு கால் மாற்றி ஒரு கால் நிற்பார். மேல்மாடி நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டு, "நிக்கற வேலையை விடுங்க, இல்லேன்னா ஒருநாள் இந்தக் காலே உங்களை விட்டுடும்" என்று பயமுறுத்திவிட்டுப் போனாள்.

"நிக்கறதை விட்டா வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார் அக்கா என்னிடம். அப்புறம் நாலு விரிப்பு மடித்த பிறகு அவரே சொன்னார்: "கார்டு ஆடத் தெரியும்."

சிரிக்கத்தான் தோன்றும். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா சொன்னது பொய்யில்லை. ரம்மியோ, ரம்மி மாதிரி ஆட்டமோ இல்லை அது. படம் போட்ட கார்டுகளைக் கடையில் வாங்கிச் சேர்த்து, அவரவருக்கென்று அறுபது கார்டில் ஒரு கட்டு செய்து, எதிராளியின் கட்டோடு மோதவிடுகிற ஆட்டம். சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று நினைத்தால், அந்தக் கடைக்குப் போய்ப் பாருங்கள். தலை நரைத்தவர்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பதினோரு வருடமாகத் தினமும் சாயங்காலம் அதை ஆடுகிறார்கள். அக்கா வீட்டுக்காரர் என்பதால் எனக்கு அவர் அண்ணன். கார் நிறுத்துமிடத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர். பகல் முழுக்க அந்தச் சீட்டு, சாயங்காலம் இந்தச் சீட்டு என்று நான் கிண்டல் செய்வேன். கல்யாணமான புதிதில், மூடப்போகிற ஒரு கடையில் பாதி விலைக்கு இரண்டு பெட்டி வாங்கி வந்தாராம். பெட்டியிலிருந்த விதித்தாளைப் படித்து அவர்தான் அக்காவுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை இல்லாத வீடு, தொலைக்காட்சி பழுதான வீடு. அந்தச் சின்ன மேசைதான் அவர்களுக்கு எல்லாம்.

ஆட்டத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கட்டில் இரண்டு வகை கார்டு இருக்கும். ஒன்று விளக்கு. மற்றது ஆட்கள்: வீரன், சூனியக்காரி, கரடி, இப்படி. ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை மேசையில் வைக்கலாம். இரண்டு விளக்கு இருந்தால் இரண்டு விளக்கு விலையுள்ள ஆளை இறக்கலாம், ஐந்து இருந்தால் ஐந்து. இறக்கிய ஆட்கள் ஒவ்வொரு முறையும் எதிராளியை அடிப்பார்கள், குறித்த அளவு அடி வாங்கியவர் தோற்றார். கையில் விளக்கே வராவிட்டால், எத்தனை பெரிய வீரன் கையிலிருந்தாலும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் கவிழ்ப்பு. விளக்கு வராதவர், கையிலுள்ள வேறு ஏதாவது ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்து அதையே விளக்காக வைத்துக்கொள்ளலாம். அண்ணன் சொல்லிக்கொடுத்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கார்டு கடை. உள்ளே மூலையில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலி. புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அந்த நாற்காலி காலியாக இருந்தது. பையன் மேற்படிப்புக்குப் போய்விட்டானாம். அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த மெத்தையையே பார்த்தார். எனக்குப் பசி, வீட்டுக்குப் போக வேண்டும். "என்னக்கா, நாற்காலி வாங்கப்போறீங்களா?" என்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கடைக்காரர் எப்போதும் நகத்தால் எதிலிருந்தாவது விலை ஒட்டிய துண்டை உரித்துக்கொண்டிருக்கிற மனிதர். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். சோப்பு வாசனை எங்களைவிட்டு எங்கே போகும்?

"நீங்க ஆடுவீங்களா?"

"பதினோரு வருஷமா."

"எங்க?"

"வீட்ல."

அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை மன்னிக்கலாம். "அடுத்த மாசம் இங்க போட்டி இருக்கு. அஞ்சு சுத்து. மூணு ஜெயிச்சீங்கன்னா அந்த மேசை உங்களுக்கு. சம்பளம் பெரிசா இருக்காது. ஆனா ஜெயிக்கத் தெரியாதவங்க சொன்னா இங்க வர்ற பசங்க கேக்க மாட்டாங்க. அதான்."

"நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கலாமா?" என்று கேட்டார் அக்கா.

"உட்கார்ந்துதானே சொல்லிக்குடுக்க முடியும்?" என்றார் அவர், கேள்வியே புரியாமல்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது பைத்தியம்.

வீட்டில் ஆடுகிற கட்டு வேறு, போட்டிக்குப் போகிற கட்டு வேறு என்பதை அக்கா ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே கற்றார். வீட்டுக்கட்டில் பிடித்ததெல்லாம் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒன்று. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் மாதிரி எல்லாரும் வந்திருப்பார்கள், ஆனால் வேலைக்கு ஆள் இருக்காது. போட்டிக்கட்டு அப்படியில்லை. நல்ல ஆள் எட்டொன்பது பேர் போதும், ஆனால் ஒவ்வொருவருக்கும் நாலு பிரதி இருக்க வேண்டும். அப்போதுதான் தேவையான நேரத்தில் தேவையான ஆள் கைக்கு வருவான்.

பிரச்சனை விலை. எல்லாருடைய கட்டிலும் ஒரு வெள்ளி ராணி இருந்தாள். அவளை இறக்கினால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். ஒரு வெள்ளி ராணியின் விலையில் எங்கள் வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் செருப்பும் வாங்கலாம். நாலு ராணிக்கு அக்கா எங்கே போவார்?

"ராணி வர்றதுக்கு ஆறு விளக்கு வேணும்" என்றார் ஒருநாள், விரிப்பின் மறுமுனையிலிருந்து. "ஆறாவது விளக்குக்கு முன்னாடியே ஆட்டத்தை முடிச்சுட்டா?"

"முடிக்க முடியுமா?"

"ஓரம்" என்றார். நான் கோட்டைவிட்டிருந்தேன்.

அப்படித்தான் அந்தக் கட்டு உருவானது. பெரிய ஆள் ஒருவரும் வேண்டாம். ஒரு விளக்கு, இரண்டு விளக்கு விலையில் கிடைக்கிற சின்ன ஆட்கள் மட்டும். கடையில் பொறுக்குப் பெட்டி ஒன்று உண்டு, யாரும் சீண்டாத கார்டுகளைக் கொட்டிவைத்திருப்பார்கள், கைப்பிடி கணக்கில் விலை. அதை அக்கா அழுக்குத்துணி பிரிக்கிற மாதிரி பிரித்தார். எலிப்படையும் தூது ஓட்டக்காரனும் அதிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான். கடையில் பசங்கள் நாலு பேராகச் சேர்ந்து ஆடுகிற நீண்ட ஆட்டத்தில் எவ்வளவுக்கெவ்வளவு உதவாதவர்களோ, போட்டியில் இரண்டே பேர் மோதுகிற ஆட்டத்தில் அவ்வளவுக்கவ்வளவு உதவுகிறவர்கள். வாங்குவதற்கு முன்னால் ஆடிப்பார்க்க வேண்டும் என்பதால் மாத்திரைப் பெட்டி அட்டையை வெட்டி, பேரெழுதி, உறையில் போட்டு ஆடினோம். நான்தான் எதிராளி. தினமும் அடி வாங்கியது நான்தான்.

ஓட்டக்காரன் மட்டும் மூன்றுதான் கிடைத்தான். நாலாவதுக்கு அக்கா தன்னிடமிருந்த ஒரே பளபளப்புக் கார்டை, நீல டிராகனைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். ஒரு பிறந்தநாளுக்கு அண்ணன் வாங்கிக்கொடுத்தது அது.

"உன்னோடது, உன் இஷ்டம்" என்றார் அண்ணன். அப்புறம் போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் தம்ளர் கழுவினார்.

ஆனால் அக்காவின் உண்மையான கைவரிசை விளக்கில்தான் இருந்தது. கடையில் எல்லாரும் கட்டில் இருபத்துநாலு விளக்கு வைக்கிறார்கள். அக்கா அதைக் குறைத்துக்கொண்டே வந்தார். இருபது. பதினெட்டு. கடைசியில் பதினாறு.

"விளக்கு வரலேன்னா கவிழ்த்துக்கப்போறோம். அதுக்கு எதுக்கு இத்தனை விளக்கைச் சுமக்கணும்?" என்றார். "அந்த எடத்துல எட்டு ஆள் கூடுதலா வச்சுக்கலாமே. இது ஏன்டி யாருக்குமே தோணல?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டு பறந்தது. நாலாவது விளக்கில் என்னை முடித்தார். கடையில் யாரும் கவிழ்ப்பதை நாங்கள் பார்த்ததே இல்லை என்பதுகூட எங்களுக்கு உறைத்தது, ஆனால் வேறு விதமாக. "அவங்களுக்கு எதுக்கு? காசு குடுத்துக் கட்டின கட்டு, எல்லாம் தானா வரும். கவிழ்ப்பெல்லாம் நம்மள மாதிரி ஆளுக்குத்தான்" என்றார் அக்கா. நானும் ஆமாம் போட்டேன். இல்லாதவர்களுக்கென்று ஒரு விதியை எந்தக் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் மட்டும் ஒரே பல்லவி. "விளக்கைக் குறைக்காதே."

"ஏங்க?"

"சும்மா. தோணுது."

"தோணுறதெல்லாம் வேணாம், காரணம் சொல்லுங்க."

சொல்ல மாட்டார். மறுநாள் மறுபடியும் ஆரம்பிப்பார். "இன்னும் ரெண்டு விளக்கு போட்டுக்கோயேன்." எனக்கு எரிச்சலாக வரும். வேலை செய்து களைத்து வருகிற மனுஷிக்கு ஒரு உருப்படியான யோசனை சொல்லத் தெரியாத ஆள், குறுக்கே மட்டும் நிற்கிறாரே என்று.

ஒரு சுற்று என்றால் மூன்று ஆட்டம், அதில் இரண்டு ஜெயிக்க வேண்டும், அதுவும் நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள். முதல் ஆட்டம் முடிந்ததும், தனியாக வைத்திருக்கிற பத்து மாற்றுக் கார்டுகளிலிருந்து கட்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த சுற்று தொடங்கும்போது கட்டு பழையபடி இருக்க வேண்டும். அந்தப் பத்தில் உருப்படியாக வாங்க அக்காவிடம் இருந்த காசு நாலு கார்டுக்குத்தான் வந்தது. மிச்சம் ஆறு இடம் காலி.

"காலியா விடாதே. வீட்ல கெடக்குற விளக்கையாவது வை" என்றார் அண்ணன்.

"அது எதுக்கு அங்க?"

"காசா பணமா? வை."

அவர் வாயை அடைக்கத்தான் அக்கா அந்த ஆறு விளக்கையும் மாற்றுப்பெட்டியில் போட்டார். அதற்கப்புறம் அண்ணன் அந்தப் பல்லவியை நிறுத்தினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் பின்னாலிருந்த நீள அறையில் மேசைகள் போட்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கூண்டில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. ரொட்டியும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு நான் போனேன். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு இந்தப்பக்கம் நின்றேன். எனக்கு நிற்பது புதிதா?

அக்கா துவைத்து மடித்த நல்ல சட்டை போட்டிருந்தார். முதல் எதிராளி கல்லூரிப் பெண், நகத்தில் பத்து வண்ணம், மரியாதையான பெண். அக்காவின் கைக்கு முதலில் ஒரே ஒரு விளக்கு வந்தது. இறக்கினார், ஒரு எலியை விட்டார். அடுத்த முறை விளக்கு வரவில்லை. நான் கவலைப்படவில்லை. அக்கா ஒரு கார்டை எடுத்து அழகாகக் கவிழ்த்து விளக்கின் பக்கத்தில் வைத்தார், ஓரம் பார்த்து.

அந்தப் பெண் பார்த்தாள். "இது என்னங்க?"

"கவிழ்ப்பு" என்றார் அக்கா.

"அப்படின்னா?"

அக்கா பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். நடுவர் வந்தார், சிவப்புச் சட்டை போட்ட இளைஞர். அக்கா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

"அப்படி ஒரு ரூலே இல்லீங்க."

"பழைய ரூலா இருக்கும். நாங்க பழைய பெட்டியில கத்துக்கிட்டோம்."

"பழைய பெட்டியிலயும் கெடையாதுங்க. எப்பவுமே கெடையாது." நல்ல பிள்ளை, தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விலைத்துண்டு உரிக்கிற மனிதர் நகத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கயிற்றுக்கு இந்தப்பக்கம் என்னைத் தேடினார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே. கவிழ்த்த கார்டை எடுத்துக் கையில் சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு விளக்குதான் வந்தது. கை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு இரண்டே விளக்கு நின்ற மேசையைப் பார்த்தபடி தோற்றார்.

மாற்றுக் கார்டு போட நேரம் கொடுத்தார்கள். அக்கா பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே இருந்தார். பிறகு உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். ஆறு விளக்கு.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. மாதம் முழுக்கத் தெரிந்தே, எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, விளக்கு விளக்கு என்று முனகிக்கொண்டு இருந்திருக்கிறார். விதியைப் படித்துச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்த நிமிடம் கையில் கிடைத்திருந்தால் அவரை அந்தக் கயிற்றாலேயே கட்டியிருப்பேன்.

முதல் சுற்று அப்படியே போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அக்கா ஆடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு சுற்றும் அதே கதை. முதல் ஆட்டத்தில் பதினாறு விளக்குக் கட்டு, தோல்வி. பெட்டியைத் திற, அண்ணனின் ஆறு விளக்கை உள்ளே போடு, இரண்டாவதை ஜெயி, மூன்றாவதை ஜெயி. மற்ற மேசைகளில் சிரிப்பும் தேநீருமாக எழுந்து போவார்கள். அக்கா மேசை மட்டும் கடைசிவரை ஓடும். இரண்டாவது சுற்று ஜெயித்தார். மூன்றாவதும் ஜெயித்தார். வெள்ளி ராணி வைத்திருந்த ஒரு ஆள், ராணியைக் கையில் பிடித்தபடியே எலிகளிடம் கடி வாங்கித் தோற்றான். எனக்குச் சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. நாலாவது சுற்று போனது. கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

ஐந்தாவதில் எதிரே ஒரு பல் மருத்துவர். ஜெயித்தால் நாற்காலி. வழக்கம்போல முதல் ஆட்டம் போனது, இரண்டாவது வந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அக்காவின் எலிகள் மேசை முழுக்க நின்றன. இன்னும் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு அடி. மருத்துவரின் முறை. அவர் யோசித்தார். ஏமாற்றவெல்லாம் இல்லை, உண்மையாகவே யோசித்தார், இறக்க ஒன்றுமில்லாமல். மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுது. சமம்" என்றார் சிவப்புச் சட்டை.

மருத்துவர் தன் கையை விரித்துக் காட்டினார். "அடுத்த தடவை நீங்க முடிச்சிருப்பீங்க. நல்லா ஆடினீங்கம்மா." அவர் நல்ல மனுஷர்தான். அந்த நல்லதை வைத்து என்ன செய்ய?

கடைக்காரர் அக்காவிடம் வந்தார். "ரெண்டு ஜெயிச்சீங்க. நான் சொன்னது மூணு." கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்தார். "ரெண்டரைன்னு வச்சுக்கிட்டாலும்... ரூல் சொல்லிக்குடுக்கிற எடம் பாருங்க அது. இத்தனை பேர் முன்னாடி அப்படி ஆயிடுச்சு."

"சரிதான்" என்றார் அக்கா. நான் ஏதோ சொல்லப் போனேன், என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பேருந்து நிறுத்தத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தோம். அழுவார் என்று நினைத்தேன். அக்கா காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னிக்கு முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கேன்டி. கால் வலிக்கவே இல்ல பாரு."

நான்தான் அழுதேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் வீடுவரை கூடவே போனேன். அண்ணன் முன்னாலேயே வந்து, மேசையைத் துடைத்து, சோறு வடித்து மூடி வைத்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்கு எல்லாம் எரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்ல?" என்று நான்தான் கத்தினேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் ஆட்டத்துலேர்ந்தே சரியா ஆடியிருப்பாங்க. எந்தச் சுத்தும் மூணாவது ஆட்டத்துக்கே போயிருக்காது. மணி அடிச்சிருக்காது. நாளைக்கு அந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க!"

அண்ணன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா உட்கார்ந்து, ஸ்டூலை இழுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அந்த ரூலை எப்பங்க செஞ்சீங்க?" என்று கேட்டார். சாதாரணக் குரல்.

"மொத வாரத்துல." அவர் குரல்தான் சரியில்லை. "நீ வேலையிலேர்ந்து வந்து உட்காருவே. ரெண்டு தடவை, மூணு தடவை விளக்கு வராது. 'எனக்கு ஒண்ணும் வரல, நான் படுக்கறேன்'னு கார்டைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவே. பகல் பூரா அந்தக் கூண்டுல எனக்குக் காரும் கையுந்தான். ஒரு மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டேன். சாயங்காலம்தான்... அதான் அப்படி ஒரு ரூல் இருக்குன்னு சொன்னேன். அன்னிக்கு நீ எந்திரிச்சுப் போகல."

"இந்த மாசம் சொல்லியிருக்கலாமே?"

"தினமும் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சொன்னா, பதினோரு வருஷமா நீ ஜெயிச்சதெல்லாம் பொய்யின்னு ஆயிடுமேன்னு... கவிழ்ப்பு வந்ததும் உன் மூஞ்சி எப்படி மலரும் தெரியுமா?"

"அத்தனை பேர் முன்னாடி நான் ஏமாத்துக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்" என்றார் அக்கா. இப்போதுதான் குரல் உடைந்தது. "உங்க மேல எனக்கு ரொம்பக் கோபம். ரொம்ப."

அண்ணன் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகாமல் வாசற்படியில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றேன்.

அக்கா பையிலிருந்து தன் கட்டை எடுத்தார். அண்ணனின் ஆறு விளக்கும் மாற்றுப்பெட்டிக்கே திரும்பிவிட்டிருந்தன, அதை அவர் திறக்கவில்லை. அதே பதினாறு விளக்குக் கட்டு. கலைத்தார். "உட்காருங்க" என்றார்.

அண்ணன் உட்கார்ந்து தன் பழைய கட்டை எடுத்தார். ஆளுக்கு ஏழு கார்டு. அவர் ஒரு விளக்கு வைத்தார். அக்கா தன் கையைப் பார்த்தார்.

"வெக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. உங்க ஆட்டம்."

அவர் இன்னொரு விளக்கு வைத்து ஒரு கரடியை இறக்கினார். அக்கா ஒரு கார்டு எடுத்துப் பார்த்து, கையில் சேர்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல. உங்க ஆட்டம்."

மூன்றாவது தடவையும் வரவில்லை. அண்ணன் கார்டைப் பார்க்கவே இல்லை, ஸ்டூலின் மேலிருந்த அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அவை எப்போது கீழே இறங்குமோ என்கிற மாதிரி. தாங்க முடியாமல் சொன்னார்: "வேணும்னா... கவிழ்த்துக்கோயேன்."

"வேணாம்" என்றார் அக்கா. "நான் எங்கயும் போகல. நீங்க ஆடுங்க."

செருப்பு கிடைத்துவிட்டது. நான் கிளம்பினேன். காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது.